ஸ்டோரில் காய்ந்த பில்டர்

மகாராணி ஒருவரைச் சபிக்க ஆரம்பித்தால் அவசரப்பட மாட்டாள். விறகை அடுப்புக்குள் தள்ளும்போது ஒரு சாபம், கிளறி விடும்போது ஒரு சாபம் என்று நிறுத்தி நிதானமாக, கை கால் கண் என உறுப்பு உறுப்பாகச் சொல்லிச் சபிப்பாள். ஆடியில் ஆரம்பித்தது ஐப்பசி வந்தும் ஓய்ந்தபாடில்லை. சாபம் வாங்குகிற ஆள் காசிராஜன். அவனுடைய ஏலக்காய் ஸ்டோரில், அவனுடைய விறகைத்தான் அவள் அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள் என்பதுதான் இதில் வேடிக்கை.

ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக் காயைக் காய வைக்கிற அறை. வெளியே அடுப்பு, உள்ளே சுவரோரமாக ஓடும் இரும்புக் குழாய்கள், அதற்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள். போடிமெட்டைத் தாண்டியதும் கேரளப் பக்கத்தில் இருந்தது அது. வெளியே மூஞ்சி தெரியாத அளவுக்கு மஞ்சு மூட்டம் இறங்கிக் கிடக்கும், உள்ளே நுழைந்தால் வெந்து போகும். அந்த வெக்கையில் காயைக் கிளறுவதற்கு நிறையப் பேர் வருவதில்லை. மகாராணி வந்தாள்.

"ஏன்டி, உம் புருசன அந்தப் பாடு படுத்துனவன்கிட்டயே சோலிக்கு வர்றியே, ஒனக்கு ரோசமே இல்லியா?" என்று பொன்னுமணி ஒருநாள் கேட்டே விட்டாள். இருவரும் வாசலில் உட்கார்ந்து பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோசம் இருக்கப் போயித்தான் வர்றேன். இவன் விழுகுறப்ப நான் தூரந்தொலவுல இருந்துரக் கூடாதுல்ல."

"அதுக்கு நம்ம அம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்துரலாம். அவ பாத்துக்கிருவா."

"அவளுக்கு ஆயிரம் சோலி கெடக்கு பொன்னு. இது எஞ்சோலி."

நடந்தது இதுதான். மகாராணியின் புருசன் மலைச்சாமி, காசிராஜனின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். போடியில் காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவதும், சாயங்காலம் இறக்கிவிடுவதும் அவன் வேலை. ஜீப்பை அவன் பெண்டாட்டியைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டான் என்று மகாராணியே சொல்லிச் சிரிப்பாள். காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா ஓடவிடுவான். "ராத்திரி பூரா ஆயில் கீழ எறங்கிக் கெடக்கும். அது மேல ஏறி எல்லா எடமும் நனையணும். நனையாம மிதிச்சா இரும்பும் இரும்பும் ஒரசும்" என்பான். போடி ஜீப் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவன் டீயை இன்னும் மெதுவாகக் குடிப்பான்.

காசிராஜனுக்கு இந்தச் சீராட்டெல்லாம் பிடிக்காது. ஒரே தேயிலைத்தூளை இரண்டு தடவை கொதிக்க வைக்கிற ஆள் அவன். ஆயில் குறைந்தால் மேலே ஊற்றிக்கொள்ள வேண்டும், மாற்றக் கூடாது. பில்டர் அழுக்கானால் டீசலில் அலசித் திரும்பவும் மாட்ட வேண்டும். அந்தப் பழைய ஜீப்பில் பில்டர் என்பது ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் உட்காருகிற மடிப்பு மடிப்பான காகிதம். ஆயிலில் வருகிற தூசியையும் இரும்புப் பொடியையும் பிடித்து வைப்பது அதுதான். "பேப்பருதானடா, கழுவுனா போகுது" என்பான் காசிராஜன். மழைக்காலத்தில் கழுவினால் காய்வதற்கு வெயில் எங்கே? அதற்கும் அவனிடம் வழி இருந்தது. ஏலக்காய் காய்கிற ஸ்டோரில், தட்டில் ஓர் ஓரமாக வைத்துக் காய வைக்கச் சொல்வான். காயும் காகிதமும் ஒரே சூட்டில் காயும்.

"மொதலாளி, சூட்டுல மடிப்பு ஒட்டு விட்டுரும். பேப்பரு பிஞ்சு உள்ள போயி ஆயில் பாதைய அடைச்சிரும். புதுசு ஒண்ணு வாங்கிப் போட்ருவோம்" என்று மலைச்சாமி கெஞ்சினான். "நீ என்ன இஞ்சினியரா?" என்று காசிராஜன் கேட்டான். மலைச்சாமி அதையே மாட்டினான். ஒரு தடவை இல்லை, பல தடவை.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஏற்றத்தில் என்ஜின் இறுகி நின்றது. வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்தார்கள். காசிராஜன் வந்தான். அத்தனை டிரைவர்கள், டீக்கடைக்காரர், பஸ்சுக்கு நின்ற சனம் எல்லாம் பார்க்க, "ஆயில உறிஞ்சி வித்துத் தின்னுட்டாண்டா திருட்டு நாயி" என்றான். மலைச்சாமி, "பில்டரக் கழட்டிப் பாருங்க மொதலாளி, கழட்டி மட்டும் பாருங்க" என்றான். காசிராஜன் கழற்ற விடவில்லை. "நாங் குடுத்த சம்பளத்துல வாங்குன காக்கிதான அது? கழட்டு" என்றான். மலைச்சாமி சட்டையைக் கழற்றி பானட்டின் மேல் வைத்துவிட்டு, பனியனோடு போடி பஜார் வழியாக வீட்டுக்கு நடந்து வந்தான். சட்டையை யாரோ ஒரு டிரைவர் பின்னாலேயே கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை போன புதிதில் மலைச்சாமி பேசித் தீர்த்தான். பில்டர், ஒட்டு, ஆயில் பாதை, பேரிங் என்று சோற்றில் கை வைத்தபடியே பேசுவான். மகாராணிக்கு அத்தனையும் மனப்பாடம் ஆனது. பிறகு பேச்சு குறைந்தது. பிறகு நின்றுபோனது. சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். வேறு எங்கேயும் வேலை கேட்டுப் போகவில்லை. "திருடன்னு பேரு வந்தவனுக்கு எவன் சாவியக் குடுப்பான்" என்பது அவன் கடைசியாகச் சொன்ன நீளமான பேச்சு. ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையின் தோள்பட்டையில் தூசி படிந்தது. மகாராணி அதைத் தட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் வேலைக்குக் கிளம்பினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதே ஸ்டாண்டில், அதே சனத்துக்கு நடுவில், காசிராஜன் வண்டியின் பில்டரை ஒரு தடவை கழற்றிக் காட்ட வேண்டும்.

இப்போது அவனிடம் இருந்தது இன்னொரு பழைய ஜீப். ஓட்டுவது அவன் மச்சினன் பிரபு. நல்ல பையன், கெட்ட டிரைவர். சாவியைத் திருகிய கையோடு ஆக்சிலேட்டரை மிதித்து உறும விடுவான். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுவான். மாமன் சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்வான். மகாராணியை "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அது அவளுக்கு எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் அவனைச் சபிக்க வாய் வருவதில்லை.

ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்த அன்று மதியம், கையில் அதே மாதிரிக் காகித பில்டரோடு பிரபு ஸ்டோருக்குள் வந்தான். டீசல் சொட்டியது.

"அக்கா, இதக் கொஞ்சம் காய வச்சுக் குடுங்க. மாமா சாயங்காலம் மாட்டிரச் சொன்னாரு."

"எத்தன வாட்டிடா இதக் கழுவுவீங்க?"

"அதெல்லாம் நான் எண்ணலக்கா. கருகாமப் பாத்துக்கங்க."

அவன் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் தின்னப் போய்விட்டான். மகாராணி பில்டரைத் தட்டில் வைத்தாள். டீசல் வாடை ஏறிவிடும் என்று காய்த் தட்டுகளை எல்லாம் எதிர்ச் சுவருக்கு நகர்த்தினாள். காய் அவளுக்கு என்ன தீங்கு செய்தது? பிறகு பில்டரை எடுத்துக் குழாய்க்குப் பக்கத்தில், யாரும் எதையும் வைக்காத கீழ்த்தட்டில் வைத்தாள். வெளியே வந்து பார்த்தாள். அடுப்பில் விறகு போதுமான அளவுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் இரண்டு கட்டைகளைத் தள்ளினாள். அன்றைக்கு அவள் சபிக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு தள்ளினாள்.

சாயங்காலம் எடுத்தபோது மடிப்புகளின் ஓரம் பழுத்த இலை நிறத்துக்கு வந்திருந்தது. விரலால் தொட்டதும் சுட்ட அப்பளம் மாதிரி நொறுங்கப் பார்த்தது. ஒட்டுப் போட்ட இடம் வாயைத் திறந்திருந்தது. பிரபு மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து வாங்கினான். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கிற ஆளா அவன்? கிண்ணத்துக்குள் வைத்து முடுக்கினான். இறக்கம் முழுக்க வழக்கம்போல என்ஜினை அணைத்தே வந்தான். மகாராணி பின்சீட்டில் பொன்னுமணியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இறக்கத்தில் என்ஜினுக்குச் சோலி இல்லை. சோலி நாளைக்குக் காலை ஏற்றத்தில்தான்.

மறுநாள் ஸ்டாண்டுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்தது அவள்தான். தூக்குவாளியில் பழைய சோறும் சுட்ட கருவாடும். ஜீப்புக்குள் உர மூட்டைகள் ஏற்றியிருந்தார்கள். மூட்டை இருந்தால் பெண்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து போவார்கள், அதுதான் வழக்கம். கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைத்த பொன்னுமணியின் சேலையைப் பிடித்து மகாராணி இழுத்தாள்.

"எறங்கு. இன்னிக்குப் பஸ்சுல போவோம்."

"பஸ்சுலயா? கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"ஆள ஏத்துறாகளா, மூட்டய ஏத்துறாகளா? எம்புட்டு நாளைக்குத்தான் மூட்டை மேல குத்த வச்சுப் போறது? தலை மேல தட்டுது, குறுக்கு ஒடியுது. ஒருத்தியும் ஏறாதீங்க. டிக்கெட்டு நான் எடுக்குறேன்."

பிரபு ஸ்டியரிங்கில் இருந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா காலங்காத்தால? ஏறுங்க, வெரசாப் போகணும்."

"நீ ஒம் மூட்டைய ஏத்திட்டுப் போ தம்பி. நாங்க பஸ்சுல வர்றோம்."

பொன்னுமணி அவள் முகத்தைப் பார்த்தாள். நெடுநாள் பழகியவளுக்கு அதில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். வைத்த காலை எடுத்தாள். "அவ சொல்றதும் சரிதேன். எறங்குங்கடி எல்லாரும்" என்றாள். பிரபு கோபத்தில் சாவியைத் திருகி, ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் ஸ்டாண்டே அதிர்ந்தது. மகாராணிக்கு அந்த உறுமலைக் கேட்டதும் கல்யாண வீட்டு மேளம் கேட்ட மாதிரி இருந்தது.

பஸ் மலையடிவாரத்து முந்தலைக் கடந்து ஏறியது. சில கொண்டை ஊசி வளைவுகள் போனதும் டிரைவர் பிரேக்கை அழுத்தினார். எல்லோரும் சன்னலுக்கு வந்தார்கள். ஜீப் சாலைக்குக் குறுக்கே கோணலாக நின்றது. ஏற்றத்தில் நின்று, பின்னால் உருண்டு, பின்சக்கரம் ஓரக் கல்லில் முட்டியிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் மஞ்சு. பிரபு ரோட்டில் உட்கார்ந்து நெற்றியைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தான். துண்டு சிவந்திருந்தது.

"ஆத்தாடி! நாம இருந்திருந்தா?" என்று பொன்னுமணி நெஞ்சில் கை வைத்தாள்.

 மகாராணி பெண்களைப் பற்றி யோசித்திருந்தாள், காசிராஜனைப் பற்றி யோசித்திருந்தாள், இந்தப் பையனைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஆனால் அந்த உறுத்தலுக்கு அடியில் சந்தோசமும் இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது. அவள் அங்கேயே இறங்கினாள். பிரபுவின் காயத்தைப் பார்த்தாள். ஆழமில்லை. தன் தூக்குவாளித் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். "கடகடன்னு ஒரு சத்தம்க்கா, பெறகு அப்படியே பிடிச்சிக்கிருச்சு. பிரேக்குப் போட்டும் பின்னால போயிருச்சு" என்று அவன் நடுங்கினான். கீழே இறங்கிய ஒரு காய் வண்டியில் ஏறி அவள் போடிக்குத் திரும்பினாள்.

மலைச்சாமி சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான்.

"காசிராஜன் வண்டி ஏத்தத்துல பிடிச்சு நின்னுருச்சு. ஸ்டாண்டுக்குக் கட்டி இழுத்துட்டு வர்றாக. எந்திரிய்யா."

அவன் அசையவில்லை.

"அதே மாதிரி நின்னுருக்கு. ஆயில் குறையல. பில்டரக் கழட்டாம எப்பிடிச் சொல்லுவாக? நீ வர்றியா, இல்ல நானே போயிக் கழட்டவா?"

மலைச்சாமி திரும்பிப் படுத்தான்.  பிறகு எழுந்து, ஆணியில் இருந்த சட்டையை எடுத்து வாசலில் நின்று உதறினான். உதறிய தூசியில் அவனே தும்மினான்.

ஸ்டாண்டில் அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. மெக்கானிக் அருள்பாண்டி பானட்டைத் திறந்து வைத்திருந்தான். காசிராஜன் பைக்கில் வந்து இறங்கினான். வண்டியைப் பார்த்ததும் பழக்க தோசத்தில் வாய் திறந்துவிட்டது.

"எவன்டா ஆயில..." என்று ஆரம்பித்தவன், நெற்றியில் கட்டோடு நின்ற மச்சினனைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஆயிலுக்கு என்ன கொறைச்சல்?" என்று அருள்பாண்டி அளவுக் கம்பியை உருவிக் காட்டினான். மேல்கோடு வரைக்கும் நனைந்திருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மலைச்சாமி முன்னால் வந்தான். யாரையும் பார்க்கவில்லை. கையை நீட்டி, "அந்த ஸ்பேனரக் கொண்டா" என்றான். அருள்பாண்டி கொடுத்தான். காசிராஜன், "டேய், நீ எதுக்குடா..." என்று ஓர் அடி எடுத்து வைத்தான். டிரைவர்கள் நடுவில் வந்து நின்றார்கள். 

மலைச்சாமி போல்ட்டைத் திருகினான். கிண்ணம் இறங்கியது. கருப்பு ஆயிலைத் தரையில் கவிழ்த்தான். அதோடு பில்டரும் விழுந்தது. அது முழுசாக இல்லை. மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, பாதி காகிதம் காணாமல் போயிருந்தது. போனது எங்கே போயிருக்கும் என்று அங்கே நின்ற டிரைவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "அடப்பாவி, பேப்பரு பூரா உள்ளல்ல போயிருக்கு" என்றார் ஒருவர். "இதத்தான அன்னிக்கு இவன் கழட்டிப் பாக்கச் சொன்னான்" என்றார் டீக்கடைக்காரர்.

மகாராணி இடுப்பில் முந்தானையைச் செருகினாள்.

"மொதலாளி, அன்னிக்கு எம் புருசன் ஆயில வித்துத் தின்னான்னீங்க. இன்னிக்கு வித்தது யாரு? ஒங்க மச்சினனா?"

"ஏய், பொம்பள பேசுற எடமா இது?"

"ஒங்க மச்சினனச் சட்டையக் கழட்டச் சொல்லுங்க. பானட்டு இந்தா இருக்கு. கழட்டி வச்சிட்டுப் பஜார் வழியா நடக்கச் சொல்லுங்க."

பிரபு அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். "மாமா, நீங்கதான கழுவி மாட்டச் சொன்னீங்க! ஸ்டோர்ல காய வைக்கச் சொன்னதும் நீங்கதான?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காசிராஜன் கழுத்தைத் துடைத்தான். பைக்கைப் பார்த்தான். வழியில் டிரைவர்கள் நின்றார்கள்.

"சரி, ஏதோ கோவத்துல தப்பாச் சொல்லிட்டேன்" என்றான், சட்டைப் பையோடு பேசுகிறவன் மாதிரி.

"கேக்கல" என்றாள் மகாராணி. "அன்னிக்கு எம்புட்டுச் சத்தமாச் சொன்னீங்களோ, அம்புட்டுச் சத்தமாச் சொல்லுங்க."

"மலைச்சாமி திருடல! போதுமா? அவன் திருடல!"

போடி ஸ்டாண்டில் அது நன்றாகவே கேட்டது. மகாராணி அந்தச் சொல்லை வெல்லம் மாதிரி வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் அத்தனை விறகு தள்ளினாள். காசிராஜன் கூனிக்கொண்டு பைக்கை உதைத்ததையும், அது மூன்று நான்கு உதைக்கும் கிளம்பாமல் போனதையும் அவள் கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள்.

மலைச்சாமி பார்க்கவில்லை. அவன் குத்த வைத்து உட்கார்ந்து, பில்டரின் ஒரு துண்டை எடுத்து விரலுக்கு நடுவில் தேய்த்தான். ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தான். மோந்து பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி மகாராணியைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தான். டிரைவர்கள் தோளைத் தட்டியதற்கும், "நாளைக்கு வந்து வண்டிய எடு அண்ணே" என்று ஒருவர் கூப்பிட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினான். வாசலில் சோப்புத்தூளைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினான். மகாராணி மொச்சைக் குழம்பைச் சுட வைத்துத் தட்டைப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"அந்தப் பேப்பரு கருகியிருக்கு."

அவள் குழம்பைக் கிளறினாள்.

"நான் எத்தன தடவ காய வச்சிருக்கேன். ஒட்டு எளகும், நெறம் மாறாது. இது மெனக்கெட்டு வாட்டுனது. ஸ்டோர்ல இருந்தது நீ."

"ஆமா. நாந்தான்."

"பொம்பளைக யாரும்..."

"ஒருத்தியயும் ஏற விடல."

"பிரபு ஏறுனான்ல? கல்லு இல்லாட்டி அவன் எங்கிட்டுக் கெடப்பான்? தெரியுமாடி ஒனக்கு? வண்டி என்னடி பாவம் செஞ்சுச்சு? ஓடுற என்சினக் கொன்னுட்டு வந்து நிக்கிறியே, நீ மனுசிதானா?"

மலைச்சாமி கத்தினான். எத்தனையோ நாளாகச் சுவருக்குள் போயிருந்த குரல், கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். "அவன் செத்திருந்தா என்னடி பண்ணியிருப்ப? சொல்லு!"

"செத்திருந்தா நான் செயிலுக்குப் போயிருப்பேன்" என்றாள் மகாராணி. பையனின் சிவந்த துண்டு அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. "வண்டி செத்துருச்சு. நீ எந்திரிச்சியா, இல்லியா?"

அவன் தட்டை ஓர் உதை விட்டான். அது சுழன்று போய்ச் சுவரில் மோதியது, அவன் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்த அதே சுவரில். திரும்பவும் ஆரம்பித்தான். அவளை, அவள் ஆத்தாவை, அவள் வந்த ஊரை, ஒன்று விடாமல் இழுத்துத் திட்டினான். மகாராணி எழுந்து போய்த் தட்டை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"கத்து" என்றாள். "இன்னும் நல்லாக் கத்துய்யா."